நோட்டில் ரூபாயை மட்டும் எழுதினால் போதாது

கேள்வி: ஐயா, நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார், கைக்கு 34,000 வருகிறது. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து மாதம் 6,000 வரை சம்பாதிக்கிறேன். இரண்டு பிள்ளைகள், மாமியார். கல்யாணமான நாளிலிருந்து வரவு செலவு நோட்டு எழுதுகிறேன். ஆனாலும் கடைசி வாரம் கைமாற்று வாங்காமல் மாதம் ஓடுவதில்லை, ஜூன் வந்தால் பள்ளிக் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போகிறது. கணவர் ‘நீ கணக்கில்லாமல் செலவு பண்ணுகிறாய்’ என்கிறார். நான் ‘விலை ஏறிப்போச்சு’ என்கிறேன். அவரோ, டிவியில் பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்களே என்று மடக்குகிறார். நோட்டு எழுதி என்ன பயன்? போன வருட மே, இந்த வருட மே இரண்டுக்கும் நோட்டுப் பக்கங்களையும் மளிகை பில்களையும் அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று, பக்கத்துத் தெருவில் கட்டும் தீபாவளிச் சீட்டை நிறுத்திவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, நோட்டு எழுதுவதை நிறுத்தாதீர்கள். இத்தனை வருடம் விடாமல் எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் கூட்டலில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் எழுதும் விதத்தில் ஒரு குறை இருக்கிறது. விலைவாசி சும்மா கிடக்கும் காலத்தில் அது வெளியே தெரியாது, ஏறுகிற காலத்தில் உங்களையும் குழப்பும், உங்கள் வீட்டுக்காரரையும் குழப்பும். ‘எண்ணெய் 650’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை லிட்டர், லிட்டர் என்ன விலை என்று எங்கேயும் இல்லை.

நான் அடக்கவிலைக் கணக்காளர். தொழிற்சாலையில் ஒரு மாதம் மூலப்பொருள் செலவு கூடிவிட்டால் மேலிடத்திலிருந்து முதலில் வரும் கேள்வி, விலை ஏறியதால் கூடியதா, சரக்கு அதிகம் செலவானதால் கூடியதா என்பதுதான். இரண்டையும் பிரித்துக் காட்டாத அறிக்கையை வாங்கவே மாட்டார்கள், ஏனென்றால் விலை ஏறியிருந்தால் பேச வேண்டியது சரக்கு கொடுப்பவரிடம், அளவு கூடியிருந்தால் பேச வேண்டியது உற்பத்திப் பிரிவிடம். உங்கள் வீட்டில் நடக்கும் சண்டையும் இதே கேள்விதான். நீங்கள் விலை என்கிறீர்கள், அவர் அளவு என்கிறார், நோட்டில் ரூபாய் மட்டும் இருப்பதால் இரண்டு பேரும் அதே பக்கத்தைக் காட்டி வாதாட முடிகிறது.

அந்த எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். போன வருடம் மே மாதம் 480 ரூபாய், இந்த வருடம் 650 ரூபாய், 170 ரூபாய் கூடியிருக்கிறது. பில்லைப் பார்த்தால் போன வருடம் 4 பாக்கெட், ஒன்று 120 ரூபாய். இப்போது 5 பாக்கெட், ஒன்று 130 ரூபாய். இதை மட்டும் பார்க்கிறவர் என்ன சொல்வார்? பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய்தான் ஏறியிருக்கிறது, நான்கு பாக்கெட்டுக்கு 40 ரூபாய், மீதி 130 ரூபாய் நீங்கள் ஒரு பாக்கெட் கூடுதலாக ஊற்றியதால் வந்தது என்பார். உங்கள் கணவர் சொல்வது சரி என்று ஆகிவிடும். ஆனால் பில்லில் பொருளின் பெயரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வலது பக்கம் பாருங்கள். போன வருட பாக்கெட் 1 லிட்டர், இந்த வருட பாக்கெட் 850 மில்லி. ஆக, ஐந்து பாக்கெட் என்பது நாலேகால் லிட்டர், லிட்டர் விலை 130 இல்லை, 153 ரூபாய். இப்போது மறுபடி பிரித்தால், 170 ரூபாயில் 132 ரூபாய் விலை ஏற்றம், கால் லிட்டர் கூடியதற்கு 38 ரூபாய். கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது, பார்த்தீர்களா? நீங்கள் எண்ணெயை அள்ளிக் கொட்டவில்லை, பாக்கெட் இளைத்துவிட்டது.

இது எண்ணெயில் மட்டும் நடப்பதில்லை, பிஸ்கெட், சோப்பு, சலவைத் தூள் எல்லாவற்றிலும் விலையைத் தொடாமல் எடையைக் குறைக்கிறார்கள். பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு இவ்வளவு, ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. கடையில் நிற்கும்போது இரண்டு பிராண்டை ஒப்பிட அதைத்தான் பார்க்க வேண்டும், பெரிய எழுத்தில் இருக்கும் விலையை இல்லை.

எண்ணெய்க்கு நேர் எதிரான ஒன்றும் உங்கள் பக்கங்களில் இருக்கிறது, என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். காய்கறி போன வருடம் 1,900, இந்த வருடம் 1,950. நோட்டைப் பார்த்தால் காய்கறிச் செலவு கட்டுக்குள் இருப்பது போலத் தெரிகிறது. ஆனால் கடிதத்தில் நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், பீன்ஸும் கேரட்டும் வாங்குவதே இல்லை, முட்டை மூன்று அட்டை வாங்கிய இடத்தில் இரண்டு அட்டைதான் என்று. அப்படியென்றால் அந்த 1,950 ரூபாயில் சிக்கனம் எதுவும் இல்லை, பிள்ளைகளின் தட்டில் குறைந்திருக்கிறது, நோட்டு அதை மறைத்துவிட்டது. ரூபாயை மட்டும் பார்த்து பட்ஜெட் போடும் வீடுகளில் முதலில் அடிபடுவது முட்டை, பழம், பால், பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் சாப்பாடு. யாரும் உட்கார்ந்து முடிவு செய்து இதைக் குறைப்பதில்லை, கையில் இருக்கும் காசுக்கு வாங்கிவிட்டு வருவதால் தானாகவே குறைகிறது. அளவை எழுதினால்தான் இது கண்ணில் படும். மூன்றாவது அட்டை முட்டையை இந்த மாதமே திரும்ப வாங்குங்கள், வேறு எதில் குறைக்கலாம் என்று கீழே சொல்கிறேன்.

சரி, எப்படி எழுதுவது? எல்லாவற்றுக்கும் அளவு எழுத ஆரம்பித்தால் பத்து நாளில் சலித்துவிடும். அடிக்கடி வாங்கும் பதினைந்து பொருளைத் தேர்ந்தெடுங்கள்: அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, பால், முட்டை, தக்காளி, வெங்காயம், மீன், கேஸ், பெட்ரோல், மாமியாரின் மாத்திரை, இப்படி. நோட்டின் கடைசியில் தனிப் பக்கம் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை, பொருள், மொத்த அளவு, கிலோ அல்லது லிட்டர் விலை, தொகை என்று நான்கு கட்டம். மற்றதெல்லாம் இப்போது எழுதுகிற மாதிரியே ரூபாயில் இருக்கட்டும். போனில் பணம் அனுப்புவதால் எல்லாம் அதிலேயே பதிவாகிவிடுகிறதே என்று சிலர் கேட்பார்கள். அதில் இருப்பது கடைக்காரர் பெயரும் தொகையும்தான், கிலோ இருக்காது.

ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, துறைமுகத்தில் மீன் வரத்தே குறைந்திருக்கும், மே மாத மீன் விலையை மார்ச்சோடு வைத்துப் பார்த்தால் உலகமே தலைகீழாகிவிட்ட மாதிரி இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் காய்கறி ஏறுவதும் அப்படித்தான். அது பருவத்தின் ஏற்றம், தானாக இறங்கிவிடும். வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டும் ஏறியிருந்தால்தான் அது உங்கள் பட்ஜெட்டைத் திருத்த வேண்டிய ஏற்றம்.

இனி டிவி சொல்லும் பணவீக்கம். உங்கள் கணவரை மறுக்க வேண்டியதில்லை, அவர் கேட்ட செய்தி சரிதான். 2022 ஏப்ரலில் 7.79 சதவீதம், தக்காளி எகிறிய 2023 ஜூலையில் 7.44 சதவீதம் என்று இருந்த சில்லறைப் பணவீக்கம் 2025 அக்டோபரில் 0.25 சதவீதத்துக்கு வந்தது. ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருள் இல்லை, ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். முந்தைய வருடங்களில் ஏறியது ஏறியதுதான். 2012-ஐ 100 என்று வைத்துக் கணக்கிட்ட விலைக் குறியீடு 2025-ல் 200-ஐ நெருங்கிவிட்டது. அன்றைக்கு நூறு ரூபாய்க்கு வந்த சாமானுக்கு இன்றைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு கொடுக்கிறோம். அதோடு அது நாடு முழுவதற்குமான சராசரி. அதே 2025 அக்டோபரில் காய்கறி மலிந்து மொத்த எண்ணைக் கீழே இழுத்தது, ஆனால் எண்ணெய், கொழுப்புப் பிரிவு பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. நாம் சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, 2024 செப்டம்பரில் மத்திய அரசு இறக்குமதி வரியை உயர்த்தியது.

உங்கள் வீட்டுப் பணவீக்கத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். அந்தப் பதினைந்து பொருளுக்கும் போன வருடம் வாங்கிய அளவை எடுத்து, இந்த வருட விலையால் பெருக்கி, கூட்டுங்கள். போன வருடக் கூட்டுத்தொகையைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்று பாருங்கள். அரசு செய்வதும் அடிப்படையில் இதே முறைதான், அவர்கள் பட்டியல் பெரிது. வரும் எண்ணை உங்கள் கணவருக்குக் கிடைத்த சம்பள உயர்வின் சதவீதத்தோடு பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு பேரும் பேசுங்கள், பேச்சே வேறு மாதிரி போகும்.

இதெல்லாம் சரி, பணப் பற்றாக்குறைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். மளிகையில் நூறு இருநூறு மிச்சம் பிடித்து உங்கள் சிக்கல் தீராது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய பட்டியல்படி மாதாமாதச் செலவு 37,200. வரவு 40,000. மிச்சம் 2,800. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. கடிதத்திலிருந்து பொறுக்கி எடுத்தேன்: பள்ளிக் கட்டணம் 42,000, சீருடையும் நோட்டுப் புத்தகமும் 6,000, தீபாவளி 15,000, காப்பீட்டுப் பிரீமியம் 12,900, வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 4,500, மொய், விசேஷம் 12,000. மொத்தம் 92,400, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,700. மிச்சம் இருக்கும் 2,800 போக மாதம் 4,900 ரூபாய் பள்ளம். ஜூனில் நகை அடகுக்குப் போவது இதனால்தான். அந்த வட்டி அடுத்த மாதங்களின் கடைசி வாரத்தைத் தின்கிறது. உங்கள் கைச்செலவு இதற்குக் காரணமே இல்லை.

இந்தப் பள்ளத்தை எங்கிருந்து நிரப்பலாம்? முதலில் உங்கள் தையல் மெஷினிலிருந்து. சாதா ஜாக்கெட்டுக்கு மூன்று வருடமாக 120 ரூபாயே வாங்குகிறேன், கேட்டால் வாடிக்கை போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, உலகத்தில் எல்லாரும் உங்களிடம் விலை ஏற்றும்போது நீங்கள் மட்டும் யாரிடமும் ஏற்றாமல் இருந்தால், அந்த விலைவாசி முழுவதும் உங்கள் முதுகில்தான் இறங்கும். மாதம் 50 ஜாக்கெட் தைக்கிறீர்கள். கூலியை 150 ஆக்கினால் 7,500. பயந்தபடியே பத்து பேர் போய்விட்டாலும் 40 ஜாக்கெட்டுக்கு அதே 6,000 வரும், நூலும் கண் எரிச்சலும் குறையும். பத்து பேருக்கு மேல் போனால்தான் நஷ்டம், கைவாகு தெரிந்த தையற்காரரை முப்பது ரூபாய்க்காக அத்தனை பேர் விடமாட்டார்கள். ஆடி மாதத்தில் ஏற்றாதீர்கள், ஆவணி முகூர்த்தத் துணி வரும்போது ஏற்றுங்கள்.

மகளிர் குழுக் கடன் 2,400 இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது. முடிந்த மாதத்திலிருந்து அந்தத் தொகையை அப்படியே தனிக் கணக்கில் போடுங்கள், ஒரு மாதம் வீட்டுச் செலவில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. கூலி உயர்வில் வரும் 1,500 ரூபாயும் இதுவும் சேர்ந்தால் 3,900. இன்னும் ஆயிரம் வேண்டும். பட்டியலில் ‘அவர் கைச்செலவு, பெட்ரோல்: 6,000’ என்று ஒரே வரியாக இருக்கிறது. சிப்காட்டுக்குப் போய்வர தினம் 20 கிலோமீட்டர், மாதம் 26 நாள், வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் பெட்ரோல் ஏறக்குறைய 1,200 ரூபாய்தான். மீதி 4,800-ஐ நீங்கள் தோண்டித் துருவ வேண்டாம், சண்டைதான் வரும். ஒரே ஒரு மாதம் அவரையே எழுதச் சொல்லுங்கள், உங்கள் நோட்டில் வேண்டாம், அவர் போனிலேயே. ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வரும் என்று அவரே சொல்வார். பெட்ரோல் என்றதும் இன்னொன்று. லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைவு என்று புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை வரை போய்ப் போட்டு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு லிட்டர் போட்டால் மிச்சம் 40 ரூபாய், போய்வர 20 கிலோமீட்டர் என்றால் எரிந்த பெட்ரோலே 45 ரூபாய். பாண்டிக்கு வேறு வேலையாகப் போகும்போது போட்டுக்கொள்வது நல்லது, அதற்கென்றே போவது நஷ்டம்.

சின்னதாக இரண்டு இடம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், கூட்டம் என்று விடாதீர்கள், வெளியில் இதே பருப்பு பல மடங்கு. கோடை மின்கட்டணம்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலை போய்விடும், கடைசியாக ஓடிய பத்து யூனிட்டுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் கட்டியவர்கள் நிறைய. ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 92,400 அடுத்த வருடம் இதே தொகையாக இருக்காது. எட்டு, பத்து சதவீதம் ஏற்றி ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட்டையும் வருடத்துக்கு ஒருமுறை போட்டால் போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பதினைந்து பொருளின் விலையைத் திருத்துங்கள். ‘மளிகை 6,800’ என்று தொகையைப் பூட்டி வைப்பதைவிட, ‘எண்ணெய் 4 லிட்டர், முட்டை 3 அட்டை’ என்று அளவைப் பூட்டி வையுங்கள். விலை ஏறினால் தொகை ஏறட்டும், அந்தக் கூடுதலை எந்தச் செலவிலிருந்து எடுப்பது என்று தெரிந்தே முடிவு செய்யலாம்.

இந்த ஜூனுக்கு இதெல்லாம் உதவாது, தெரியும். நகை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடகுக்கடைக்குப் போகாதீர்கள். இரண்டு ரூபாய் வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். பவுன் விலை ஏறியிருப்பதால் அதிகத் தொகை தருகிறோம் என்பார்கள், பள்ளியில் கட்ட வேண்டிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். முடிந்தால் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட முடியுமா என்று பள்ளியில் முதலில் கேட்டுவிடுங்கள், கேட்கிறவர்களுக்குப் பல பள்ளிகள் தருகின்றன.

கடைசியாக தீபாவளிச் சீட்டு. மாதம் 500 கட்டுகிறீர்கள், பட்டாசு, இனிப்பு, பாத்திரம், ஒரு தங்கக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் நிறுத்தினால் கட்டிய பணம் திரும்பாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. எத்தனை மாதம் கட்டிவிட்டீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு மூன்று மாதம்தான் என்றால் போனது போகட்டும் என்று இன்றே நிறுத்திவிடுங்கள். பாதி தாண்டியிருந்தால் இந்த வருடத்தை முடித்துவிட்டு அடுத்த வருடம் சேராதீர்கள். பதிவு செய்யாமல் தெருவில் நடத்தும் சீட்டில் நடத்துகிறவர் ஓடிப்போனால் போலீசில் புகார் கொடுப்பதைத் தவிர கையில் எதுவும் இருக்காது. அந்த 500 ரூபாயை வங்கியில் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பில் போடுங்கள். தபால் நிலையத்துத் தொடர் வைப்பு ஐந்து வருடத்துக்கானது, தீபாவளிச் செலவுக்குச் சரிப்படாது. ஐப்பசி மாதம் முதிர்கிற மாதிரி தேதி பார்த்து ஆரம்பித்தால், பட்டாசு வாங்கும் நேரத்தில் பணம் கணக்கில் இருக்கும்.